பிள்ளை இன்னும் பேசவில்லை. பயிற்சி எனக்கு என்கிறார் தெரபிஸ்ட். இது சரிதானா?

சுரண்டை அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு வருகிற ஆவணியில் இரண்டரை வயது முடிகிறது. பேச்சு இன்னும் வரவில்லை. அம்மா, மாமா, இல்ல, டாட்டா, அப்புறம் பஸ்ஸைப் பார்த்தால் "பூம்". தெளிவாக வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கையைப் பிடித்து இழுப்பதுதான். தண்ணீர் வேண்டுமென்றால் என் சேலையைப் பிடித்துக் குடத்துப் பக்கம் கூட்டிப்போவான். ஆனால் நாம் சொல்வது புரிகிறது. "ஆச்சி கண்ணாடி எங்கே?" என்றால் ஓடிப்போய் ஜன்னல் திண்டிலிருந்து எடுத்து வருவான். போனில் பார்த்து ஏ பி சி டி முழுக்க ராகத்தோடு சொல்கிறான், இங்கிலீஷில் கலர் பெயர்கூட சொல்கிறான். பசிக்கிறது என்று சொல்லத்தான் தெரியவில்லை.

போன வாரம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் அவனோடு விளையாடினார். பிறகு என்னைத் தரையில் உட்காரவைத்து, நானும் அவனும் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அடுத்த முறை பாட்டியையும் கூட்டி வாங்க. இப்போதைக்குப் பயிற்சி உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவைக்கு 500 ரூபாய். காது டெஸ்ட் ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். போனில் சொன்னதும், "பேசாதது அவன், பயிற்சி உனக்கா? தினமும் அவனை உட்காரவெச்சு சொல்லிக்கொடுக்குற இடமாப் பாரு" என்றார். அத்தை அதற்கும் ஒரு படி மேலே போய், "நீ பேசாமடந்தையா இருந்தா பிள்ளைக்குப் பேச்சு எங்கேருந்து வரும்?" என்று கேட்டுவிட்டார்கள். அது மனதில் தைத்துவிட்டது. நான் நாள் முழுக்க பீடி சுற்றுகிறவள். சுளகை மடியில் வைத்தால் தலை நிமிர நேரமிருக்காது. உண்மையிலேயே என்னால்தான் இப்படி ஆகிவிட்டதா? எனக்குப் பயிற்சி கொடுத்தால் அவன் பேசுவானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வள்ளியூர் ஆச்சி:

மகளே, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஆம்பளைப் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும். எங்கள் கொழுந்தன் மகன் நாலு வயது வரைக்கும் வாய் திறக்கவில்லை, இன்றைக்கு வக்கீலாக இருக்கிறான். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை ஊமையாக இருந்து, திருச்செந்தூரில் முருகன் சன்னதியில்தான் பாடினார் என்று சொல்வார்கள். நீயும் ஒருதரம் பிள்ளையைச் செந்தூருக்குக் கூட்டிப் போய் வா. வசம்பைச் சுட்டு நாக்கில் லேசாகத் தடவினாலும் நாக்கு புரளும்.


வீட்டுக்கு வரும் அக்கா (தென்காசி):

தங்கச்சி, நான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமான சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை. தெரபிஸ்ட் பிள்ளையைப் பார்த்துத் திட்டம் போடுவார், அதை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது என் வேலை.

முதலில் அந்தப் பேசாமடந்தைப் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றுகிற வீடுகளில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். டீச்சர் வீட்டில், காலையிலிருந்து ராத்திரி வரை பேச்சுச் சத்தம் கேட்கிற வீட்டில், பேசாத பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். காது, பரம்பரை, குறைமாதப் பிரசவம், மூளை வளர்ச்சி என்று பேச்சு தாமதமாவதற்குக் காரணங்கள் பல. எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லை. அம்மாவுக்குப் பயிற்சி என்றால் குற்றம் அம்மாமேல் என்று அர்த்தமே இல்லை. அத்தையிடம் இதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், தெரபிஸ்டை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நான் போகிற வீடுகளில் முதல் நாளே இதைத்தான் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்வேன். அந்தப் பழி தலைமேல் இருக்கிறவரைக்கும் எந்த அம்மாவாலும் பிள்ளையோடு நிம்மதியாக விளையாட முடியாது.

பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் காதில் விழுவதைப் பொறுக்கிப் பொறுக்கியே பேசிவிடும். உங்கள் பையனுக்கு அதே பேச்சைக் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சுருக்கமாக, அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப. தெரபிஸ்டிடம் இருப்பது வாரத்தில் முக்கால் மணி நேரம். சோறு தின்பதும் குளிப்பதும் செருப்பு மாட்டுவதும் உங்களோடுதான். சொல் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். அதனால்தான் பயிற்சி உங்களுக்கு.

என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்கலாம். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆலங்குளம் பக்கம். உங்கள் பையன் வயதுதான் அந்தப் பாப்பாவுக்கும். அம்மா கையில் பொரிகடலை டப்பா. "இது என்ன? சொல்லு. பொ...ரி... சொல்லு பாப்போம். சொன்னாத்தான் தருவேன்." பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் இல்லாமல் இல்லை, நம் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் கேட்போம். ஆனால் பேச்சு வராத பிள்ளைக்கு அது பரீட்சை. பரீட்சை வைக்கிறவரைக் கண்டால் பிள்ளை ஒதுங்கத்தான் செய்யும்.

அந்த அம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஒரு வாய் அளவுக்கு எடுத்துக் கொடுங்கள், டப்பாவை மூடுங்கள், பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்காருங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்வது ரொம்பக் கஷ்டம். ஐந்து எண்ணுவதற்குள் அந்த அம்மா வாயைத் திறக்கப் போனார், நான் கையைத் தொட்டு நிறுத்தினேன். பாப்பா தின்று முடித்தது. டப்பாவைப் பார்த்தது. மூடியைப் பிறாண்டியது, முடியவில்லை. டப்பாவைத் தூக்கி அம்மா கையில் வைத்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து "தொ" என்றது. உடனே அம்மா, "திற! அம்மா திறக்கேன்" என்று சொல்லித் திறந்து கொடுத்தார். அவ்வளவுதான் பயிற்சி. அந்தப் பாப்பா அதுவரை யார் முகத்தையும் பார்த்து எதையும் கேட்டதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. சொன்னால்தான் சோறு என்று பட்டினி போடக் கூடாது. பத்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையா, நாமே "திற" என்று சொல்லித் திறந்து கொடுத்துவிட வேண்டும். பிள்ளை அழுகிற அளவுக்கு இழுத்தால் அடுத்த தடவை டப்பாவைப் பார்த்தாலே அழும்.

பேசும்போது அவன் இருக்கிற படிக்கு ஒரு படி மேலே நில்லுங்கள், போதும். அவன் வெறும் சைகை காட்டினால் நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள். அவன் "பூம்" என்றால் நீங்கள் "பஸ் வருது" என்று சொல்லுங்கள். "பூம் இல்லடா, பஸ்ஸுன்னு சொல்லு" என்று திருத்த வேண்டாம். பூம் அவனுக்குச் சொல்தான், கணக்கில் வரும். மம்மு, தாச்சி, ஜூஜூ எல்லாமே கணக்கில் வரும். கேள்வி கேட்பதைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள். "இது என்ன கலர்?" என்பதை விட "சட்டை போடுவோம், கை எங்கே, கை வந்துட்டு!" என்பது எவ்வளவோ மேல். கேட்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு கையிலும் இரண்டைக் காட்டி "பாலா? தண்ணியா?" என்று கேளுங்கள். அதில் பதிலும் சேர்ந்தே இருக்கிறது.

உங்களுக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். பீடிச் சுளகுப் பக்கத்தில் வைத்து எதுவும் செய்ய வேண்டாம், புகையிலைத் தூள் பிள்ளைக்கு ஆகாது. தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். எப்படியும் செய்கிற வேலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்க வைப்பது நல்லது, ஏனென்றால் அப்போது கையில் போனும் இருக்காது, பீடியும் இருக்காது. ஒரு கப்பு ஊற்றி நிறுத்துங்கள். காத்திருங்கள். "ஊத்து" என்று சொல்லி ஊற்றுங்கள். தினமும் அதே இடம், அதே சொல்.

அத்தையை எதிர்க்கட்சியாக்கிவிடாதீர்கள். அவர்களிடம் பருப்புக் கடையும் விளையாட்டைக் கொடுங்கள். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்று ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டிவிட்டு, நண்டு ஊருது நரி ஊருது என்று கை வழியே ஏறிப்போய்க் கக்கத்தில் கூச்சம் காட்டுவோமே, அதேதான். கக்கத்துக்குப் போவதற்கு முன் விரலை அப்படியே நிறுத்திப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை உடம்பை நெளிக்கும், சிரிக்கும், ஏதாவது சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நிறுத்துவது. எந்தக் கிளினிக்கிலும் இதைவிட நல்ல பாடம் கிடையாது, அதை நம் ஆச்சிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

வள்ளியூர் ஆச்சி சொன்னபடி செந்தூருக்குப் போய் வாருங்கள், பிள்ளைக்குக் கடலும் மணலும் எவ்வளவோ பேச்சுக்கு வழி. ஆனால் காது டெஸ்ட் அதற்கு முன்னால் நடக்கட்டும். கண்ணாடி எடுத்து வருகிறான் என்பதால் காது சரி என்று முடிவு கட்ட முடியாது. சைகையையும் சூழ்நிலையையும் வைத்தே பாதிப் பிள்ளைகள் புரிந்துகொள்ளும். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்து நின்றாலும் பாதிச் சத்தம்தான் உள்ளே போகும். வசம்பு மட்டும் வேண்டாம் ஆச்சி, தயவுசெய்து. அதனால் பேச்சு வராது, வாந்திதான் வரும்.


மதுரை தெரபிஸ்ட்:

தென்காசி அக்கா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இரண்டு வயது நிறையும்போது 50 சொல்லுக்குக் குறைவாக இருந்து, இரண்டு சொல்லைச் சேர்க்கவும் வரவில்லை என்றால் நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். இப்படித் தாமதமாகத் தொடங்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. வள்ளியூர் ஆச்சியின் கொழுந்தன் மகன் அப்படி ஒருவராக இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை தானாக எட்டிப்பிடிக்கும், எந்தப் பிள்ளைக்கு முடியாது என்று இரண்டரை வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் காத்திருந்து பார்ப்போம் என்ற யோசனையை நான் யாருக்கும் தருவதில்லை.

கணவர் கேட்டது நியாயமான கேள்வி. 2011இல் ராபர்ட்ஸ், கைசர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் கற்றுக்கொண்டு செய்தால் பிள்ளைகளின் புரிதலும் பேச்சும் முன்னேறுகின்றன என்றும், தெரபிஸ்ட் நேரடியாகச் செய்ததற்கு அது பெரும்பாலும் குறைவாக இல்லை என்றும் அதில் தெரிந்தது. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, தெரபிஸ்ட் அல்லாத உள்ளூர் ஊழியர்களைக் கொண்டே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 65 பிள்ளைகள். முடிவு 2016இல் வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது, பிள்ளைகள் தாங்களாகவே பேச முன்வருவதும் கூடியது. அதில் முக்கியமான கருவி வீடியோ. அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைப் பதிவு செய்து, பிறகு அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பது. "இதோ, இங்கே நீங்க காத்திருந்தீங்க, அவன் திரும்பிப் பார்த்தான் பாருங்க" என்று காட்டும்போது அந்த அம்மாவின் முகம் மாறும். நூறு அறிவுரைக்கு அது சமம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தாளைக் கையில் கொடுத்து "வீட்டில் செய்யுங்க" என்று அனுப்பிவிட்டு அதையும் பெற்றோர் பயிற்சி என்று சொல்கிறார்கள். அது பயிற்சி இல்லை. உங்கள் தெரபிஸ்ட் செய்து காட்டுகிறாரா, பிறகு உங்களைச் செய்ய விட்டுப் பார்க்கிறாரா, எது சரியாக இருந்தது என்று சொல்கிறாரா, அடுத்த முறை அங்கிருந்து தொடர்கிறாரா என்று பாருங்கள். உங்களைத் தரையில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார் என்றால் வேலை தெரிந்தவர் என்றே எனக்குப் படுகிறது. அந்த 500 ரூபாய் வீண்போகவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? விரல் நீட்டிக் காட்டுகிறானா? வானத்தில் விமானம் போனால் "அங்கே பார்" என்பதுபோல உங்களையும் பார்க்க வைக்கிறானா? முன்பு சொன்ன சொற்கள் ஏதாவது மறைந்துபோயினவா? தெரபிஸ்டிடம் இவற்றையெல்லாம் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனைத் தாள் இருக்கிறது. ஆவணி பிறப்பதற்குள் அதை முடித்துவிடுவது நல்லது. ஏ பி சி டி பாடுவதைச் சொற்களின் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு தேவைக்காகவோ, ஒருவருக்குக் காட்டுவதற்காகவோ சொல்வதுதான் பேச்சு. போனைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது. உங்கள் பையனுக்கு இப்போதைக்கு அதையும் முடிந்தவரை குறைக்கச் சொல்வேன்.

வேறு இடம் தேட வேண்டுமென்றால் உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981இல் தொடங்கியது. ஊழியர்கள் கிராமத்துக்கே வந்து, வீட்டில் வைத்துப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் பல வருட அனுபவம் உள்ள இடம். அரசாங்கத்திலும் வழி இருக்கிறது. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வரும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் இதற்கென்று உள்ள மாவட்ட மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் விசாரியுங்கள்.


ஸ்காபரோ அம்மா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறன். என்ர மகளும் இரண்டு வயது தாண்டியும் கதைக்கேல்லை. இங்க டொராண்டோவில் டொக்டரின்ர கடிதம் இல்லாமலே பெற்றோர் தாங்களாகப் பதியலாம், காசும் இல்லை. பதிஞ்சு முறை வந்தால், முதலில் எங்களைத்தான் கூப்பிட்டவை, பிள்ளையை இல்லை. பின்னேரத்தில் பெற்றோர் மட்டும் வட்டமா இருந்து படிக்கிற வகுப்பு. எனக்கும் உங்களைப் போலத்தான் கோவம் வந்தது.

பிறகுதான் தெரிஞ்சுது, இந்த முறையே கனடாவில் 1975இல் மொன்றியலில் தொடங்கினதாம். அயலா மனோல்சன் எண்ட பேச்சுப் பயிற்சியாளர் தொடங்கி, இப்ப ஹானன் நிலையம் எண்டு டொராண்டோவில் இருக்கு. பார், பொறு, கேள். இந்த மூண்டையும்தான் அங்க முதலில் பழக்குவினம். பொறு எண்டதுதான் எங்கட சனத்துக்குக் கஷ்டம். பிள்ளை வாயைத் திறக்க முதலே அம்மம்மா சாப்பாட்டோட நிப்பா.

ஒண்டு கேளுங்கோ. இங்க சிலபேர், ரெண்டு மொழி குழப்பும், தமிழை விட்டிட்டு இங்கிலீசில் மட்டும் கதையுங்கோ எண்டு சொன்னவை. அந்த வகுப்பு நடத்தினவ அதைக் கேட்டு மறுத்திட்டா. ரெண்டு மொழியால் பேச்சு பிந்தாது, உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்கவும் கொஞ்சவும் ஏலுமோ அந்த மொழியிலேயே கதையுங்கோ எண்டு சொன்னா. உங்கட பிள்ளைக்கும் நாளைக்கு இங்கிலீஷ் மீடியம் எண்டு ஆரும் சொல்லிச்சினம் எண்டால் கேக்காதேங்கோ. அவருக்குத் தண்ணி எண்டதுதான் முதலில் வேணும்.


சுரண்டை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தென்காசி அக்கா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். குற்றம் அம்மாமேல் இல்லை என்கிற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள். ஆனால் சாயங்காலம் அவர்களாகவே பருப்புக் கடைய உட்கார்ந்தார்கள். நண்டு ஊருதில் நிறுத்தினால் அவன் சத்தம் கொடுக்கவில்லை, ஆனால் ஆச்சி கையைப் பிடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொள்கிறான். இப்போது அவனே போய் உள்ளங்கையை நீட்டுகிறான். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

குளிக்க வைக்கும்போது நான் ஊற்றி நிறுத்திப் பார்த்தேன். முதலில் கப்பைப் பிடித்து இழுத்தான். நான் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அப்புறம் உதட்டைக் குவித்து "ஊ" என்றான். இப்போது கப்பு எடுத்தாலே "ஊ". ஆனால் குடத்தில் தண்ணீர் எடுக்கும்போதும் "ஊ" என்கிறான். இதைச் சொல் என்று எடுத்துக்கொள்ளலாமா, வெறும் சத்தமா? காது டெஸ்டுக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகலாம் என்று இருக்கிறோம். பெரா என்று எழுதியிருக்கிறது. ஊசி போடுவார்களா, வலிக்குமா? வீட்டுக்காரர் இப்போது சம்மதித்துவிட்டார். வீடியோ காலில் நான் என்ன செய்யட்டும் என்று அவரே கேட்கிறார்.


வீட்டுக்கு வரும் அக்கா (தென்காசி):

சந்தேகமே வேண்டாம், அது சொல்தான். ஒரே காரியத்துக்கு ஒரே சத்தத்தைத் தானாகச் சொல்கிறான், உங்களைப் பார்த்துச் சொல்கிறான். குடத்துக்கும் அதையே சொல்கிறான் என்றால் அதற்கும் அவன் கணக்கில் அதுதான் பெயர். நீங்கள் அங்கே "தண்ணி ஊத்து" என்று சொல்லி ஊற்றுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் சொன்னான் என்பதையும் சேர்த்து. தெரபிஸ்டுக்கு அது ரொம்ப உதவும். உள்ளங்கையை நீட்டுகிறான் என்று எழுதினீர்களே, அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள். அவன் ஆச்சியிடம் வாய் இல்லாமல் பேசுகிறான். அத்தையிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், அவர்கள் நிறுத்திக் காத்திருந்ததுதான் அதைக் கொண்டுவந்தது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு: வீடியோ காலில் "அப்பான்னு சொல்லு" என்று மட்டும் கேட்க வேண்டாம். துபாய் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமா? போன் கேமராவை ரோட்டுப் பக்கம் திருப்பட்டும். பஸ் வந்தால் "பூம் வருது", போனால் "பூம் போச்சு", அப்புறம் அடுத்த பஸ் வரும் வரை பேசாமல் இருக்கட்டும். நீங்கள் இந்தப் பக்கம் அவனை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாருங்கள். வீடியோ கால் ஆளோடு ஆள் பேசுவது, கார்ட்டூன் பார்ப்பதோடு அதைச் சேர்த்துப் பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் போதும்.

பெரா டெஸ்டில் ஊசி கிடையாது, வலிக்காது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும், அதுதான் அதில் உள்ள ஒரே பாடு. முந்தின நாள் ராத்திரி கொஞ்சம் தாமதமாகப் படுக்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், அங்கே போய்த் தூங்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள், எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. தூங்கவில்லை என்றால் டாக்டர் பார்த்து ஒரு சிரப் கொடுப்பார்கள். நீங்களாக எதையும் கொடுத்துவிட வேண்டாம். எத்தனை மணிக்குப் பால், சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சளி இருந்தால் அதையும் சொல்லுங்கள், காதுக்குள் நீர் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள்.

காதில் ஏதாவது இருந்தாலும் பயப்படாதீர்கள். நீர் என்றால் மருந்தோ சின்ன சிகிச்சையோ இருக்கிறது. நரம்புக் குறை என்றால் காது மிஷின் இருக்கிறது, தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷனும் செய்கிறார்கள். எதுவாக இருந்தாலும் வீட்டில் நீங்கள் இப்போது செய்வதை நிறுத்த வேண்டியதில்லை. ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், தெரபிஸ்டிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.